பினாங்கு மாமா சொன்ன டிரைவ்

ஜூன் 14, சனி

இன்றும் டயாலிசிஸுக்குப் போகமாட்டேன் என்றார் என் வீட்டுக்காரர். சட்டையை மாட்டி, பொத்தானெல்லாம் போட்டு, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். வாசலில் பேச்சிமுத்துவின் ஆட்டோ நிற்கிறது. "ஏட்டி, ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆவாது."

ஒரு நாள் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன மாதம் விட்டோம். முகம் ஊதி, படுக்க முடியாமல், விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தார். அதனால் கத்தினேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். சாத்தட்டும். கடைசியில் எழுந்தார். நான் கத்தியதற்காக இல்லை. போனில் ஏதோ வந்தது, அதைப் பார்த்தபடியே நடந்து போய் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

டைரி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. டயாலிசிஸ் வார்டில் மெர்சி சிஸ்டர்தான் சொன்னாள்: "யார்கிட்டயாவது பேசுங்கக்கா. இல்லன்னா எழுதியாவது வைங்க. மூஞ்சியப் பாக்க முடியல." என் மூஞ்சிக்கு என்ன?

ஜூன் 17, செவ்வாய்

போனார். சண்டை இல்லை. காரணம் நானல்ல, போன்.

இவருடைய அறவாழி கம்ப்யூட்டர்ஸ் என்றால் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. சிறுநீரகம் இரண்டும் நின்றபின் கடையை மூடினார். மிஞ்சியது டெலிகிராமில் அவர் நடத்தும் ஒரு குழு. இனி வரப்போகும் எஸ்எஸ்டிகளைப் பற்றி வதந்தி பேசுவதுதான் அங்கே வேலை. எஸ்எஸ்டி என்பது விரல் நீளத்தில் ஒரு தகடு. கம்ப்யூட்டரில் உள்ளதெல்லாம் அதில்தான் இருக்குமாம். வந்த தகட்டைப் பற்றி இவர்கள் பேசமாட்டார்கள். வராத தகட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்தக் கம்பெனி, எப்போது, எத்தனை டெராபைட் கொள்ளும், எவ்வளவு சூடாகும் என்று நாள் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள். கோட்டிப்பயல்கள்.

இவர் அங்கே நீதிபதி. ஒவ்வொரு வதந்திக்கும் தரம் போடுவார். ஒருத்தன் சொன்னால் 'காற்று'. வேறு வேறு இடத்திலிருந்து இரண்டு பேர் சொன்னால் 'மேகம்'. படம் கசிந்தால் 'தூறல்'. கம்பெனியே அறிவித்தால் 'மழை'. அளந்து விடுகிறவன் என்று தெரிந்தால் அன்றே வெளியே. அந்தக் கண்டிப்புக்காகவே ஆட்கள் சேர்ந்தார்களாம்.

ஜூன் 24, செவ்வாய்

பள்ளியில் அரைநாள் லீவு போட்டு அவரோடு போனேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இவருடைய இதயத்தைப் பற்றிச் சொன்னார். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் வரிசையைப் பற்றியும் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. என்னுடையதைக் கொடுக்கலாம் என்றால் எனக்குச் சர்க்கரை.

வெளியே வந்து, "வரிசையில மேல வந்துட்டியளாம்" என்றேன்.

"அப்படியா" என்றார்.

ராத்திரிக்கு இட்லி. சட்னியில் உப்பு போடவில்லை, போடவும் கூடாது.

ஜூன் 28, சனி

வியாழக்கிழமை போகவில்லை. இன்று வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனேன். ஊசி குத்தும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குழுவில் ஒரு வாரமாக ஒன்றுமே இல்லையாம். கம்பெனிக்காரர்கள் வாயே திறக்கவில்லையாம். "பாக்கதுக்கு என்ன இருக்கு, நாலு மணி நேரம் சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கதுக்கு?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வதந்தி இருந்த நாளெல்லாம் போயிருக்கிறார். இல்லாத நாள்தான் மல்லுக்கு நிற்கிறார். இத்தனை மாதமாகக் கத்தியது வீண்.

ஜூலை 5, சனி

ஒரு காரியம் செய்தேன்.

இருபது வருஷமாகச் சமூக அறிவியல் விடைத்தாள் திருத்துகிறேன். படிக்காமல் வந்த பிள்ளை எப்படி எழுதும் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கமுடியாது. கெட்டிக்காரப் பொய்யில் ஒரு ஊர் இருக்கும், ஒரு எண் இருக்கும், ஒரு சின்னக் குறையும் இருக்கும். எல்லாம் நல்லதாகவே எழுதினால் மாட்டிக்கொள்ளும்.

ஊர்: பினாங்கு. அங்கே சிப் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன, நம் ஆட்களும் இருக்கிறார்கள். பெயர்: பினாங்கு மாமா. கம்பெனி: வெல்டார் என்று இவர் அடிக்கடி சொல்வது. சரக்கு: பதினாறு டெராபைட், தொட்டால் சுடாது, தீபாவளிக்கு வரும். குறை: முதலில் கறுப்பு நிறத்தில் மட்டும்தான் கிடைக்கும். எண் ஒன்று வேண்டுமே என்று பரணில் ஏறி, அவருடைய பழைய டிஸ்க் பெட்டி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். 7200 ஆர்பிஎம் என்று போட்டிருந்தது. பார்க்க மிடுக்காக இருந்தது. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பெயரில் அவர் குழுவில் சேர்ந்து அனுப்பினேன். அவர் உள்ளே.

ஜூலை 6, ஞாயிறு

மானம் போயிற்று. ஆர்பிஎம் என்பது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்காம். சுற்றுவது பழைய டிஸ்க். எஸ்எஸ்டிக்குள் சுற்றுவதற்கு ஒன்றுமே கிடையாதாம். சேலம் பிரின்ஸ் என்று ஒருவன் குழுவில், "மாமா, அதுக்கு பெட்ரோல் ஊத்தணுமா, டீசலா?" என்று கேட்டிருக்கிறான். சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டிக் கிடந்தன.

இன்றோடு பினாங்கு மாமாவை வெளியே தள்ளிவிடுவார் என்று இருந்தேன். இதைவிடச் சின்னத் தப்புக்கெல்லாம் தள்ளியிருக்கிறார். ஆனால் மத்தியானம் இவரே எழுதினார்: "7200 என்பது சுற்று இல்லை. அந்த டிரைவின் உள்பெயர் அதுதான். நானும் வேறு ஒரு இடத்தில் கேள்விப்பட்டேன். தரம்: மேகம்."

என் அதிர்ஷ்டம். இப்படி ஒரு உள்பெயர் நிஜமாகவே இருக்கும் போலிருக்கிறது. ஆண்டவன் சில நேரம் பொய்க்கும் துணை நிற்கிறான்.

செவ்வாய்க்கிழமை நான் எழுப்பாமலே எழுந்துவிடுவார் என்று நம்புகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

எழுந்தார்.

ஜூலை 19, சனி

நம் 7200 யூடியூபில் வந்துவிட்டது. ஒரு பையன் கையை ஆட்டி ஆட்டி, "பினாங்குலருந்து கிடைச்ச உறுதியான தகவல்" என்கிறான். அதைப் பார்த்துவிட்டுச் சேலம் பிரின்ஸ், "அப்பவே எனக்குத் தெரியும்" என்று எழுதுகிறான். நான் அனுப்பிய பொய் ஊரெல்லாம் சுற்றி எனக்கே புதுச் செய்தியாக வந்தது. பதினாறு டெராபைட் முப்பத்திரண்டு ஆகியிருக்கிறது. கறுப்போடு வெள்ளையும் சேர்ந்திருக்கிறது.

ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். வந்து அடுப்படிக் கதவில் சாய்ந்துகொண்டு, "பினாங்கு மாமா நல்ல மனுஷன்ட்டி" என்றார்.

"யாரு அது?" என்றேன்.

"ஒருத்தர். வாத்தியார் மாதிரி எழுதுதாரு." பிறகு, "தாளிப்பு கருகுது பாரு" என்றார். கருகித்தான் போயிருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

நானும் தேறிவிட்டேன். பள்ளியில் இடைவேளையில் பிள்ளைகள் சத்துணவுக்குப் போனதும், கன்ட்ரோலர் என்றால் என்ன, அடுக்கு என்றால் என்ன என்று படிக்கிறேன். வாரம் ஒரு வதந்தி விடுகிறேன். அவரும் சாப்பிடும்போது அதையே எனக்கு விளக்குகிறார், நானும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தொழிலைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பேச வேறு விஷயமும் இல்லாமல்தான் இருந்தது. இப்போது இருக்கிறது.

இன்று டயாலிசிஸில் அவருக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டதாம். கொஞ்ச நேரம்தானாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பேச்சிமுத்து பள்ளிக்கே போன் போட்டான். "அக்கா, சாரைத் தூக்கித்தான் ஆட்டோல வச்சேன். பேச்சு மூச்சில்ல. ரோட்டுல காத்து பட்டதும் முழிச்சிட்டாரு. நீங்க பதறாண்டாம்."

பிரஷர் இறங்கிவிட்டதாம். எல்லாருக்கும் வருவதுதான். ராத்திரி பினாங்கு மாமா ஒரு கூடுதல் தகவல் விட்டார்.

செப்டம்பர் 6, சனி

வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம். யாரோ புது நோயாளி என்று நினைத்தேன். அவர் குரலுக்கு அந்தச் சத்தம் கிடையாது.

வெளியே வரும்போது சிரித்தார். "வெல்டார்காரன் பெட்டி வடிவமைப்பு வரைக்கும் வந்துட்டானாம்ல" என்றார். ஆமாம், அது நான் காலையில் விட்டது.

செப்டம்பர் 27, சனி

மெர்சி சிஸ்டர் என்னை மருந்து அறைக்குள் கூப்பிட்டாள். "அக்கா, சார் வலிய உங்ககிட்ட சொல்ல மாட்டாரு. நாங்க பாக்கோம்லா. ரெண்டு மணி நேரத்துக்கு மேல அந்த உடம்பு தாங்கல. தொடையெல்லாம் கல்லு மாதிரி இறுகிப்போவுது. துண்டைக் கடிச்சிக்கிட்டுக் கெடக்காரு. நீங்க வெளிய இருக்கியன்னு சத்தம் போட மாட்டேங்காரு."

"போன் பாக்காரே?" என்றேன். என் வாயில் அதுதான் வந்தது.

"போனு நெஞ்சு மேல கெடக்கும். பாக்க மாட்டாரு."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நேற்று முளைத்த பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும். பதிலே சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அவருடைய துண்டுகளைத் துவைத்தேன். ஒன்றின் ஓரம் கிழிந்து நார் நாராக இருந்தது. எலி கடித்திருக்கும்.

அக்டோபர் 11, சனி

தீபாவளி வருகிறது. தீபாவளிக்கு வரும் என்று சொன்னவள் நான். இந்த ஒரு தப்பைச் செய்திருக்கக் கூடாது. தேதி இல்லாமல் விட்டிருக்க வேண்டும். அந்தத் தேதியை அவர் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

பினாங்கு மாமா அறிவித்தார்: "சூடு சோதனையில் சிக்கல். தைப்பொங்கலுக்குத்தான் வரும்."

குழுவில் ஒரே கூச்சல். அவர் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. சாப்பிடும்போது, "தையா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

"இல்ல, சும்மா கேட்டேன்" என்றார். பாதித் தோசையை ஒதுக்கிவிட்டார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

புதுச்சட்டை தொளதொளவென்று இருந்தது. கடைக்காரன் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று திட்டினேன்.

நவம்பர் 1, சனி

எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலை பதினோரு மணி இருக்கும். அவர் உள்ளே, நான் பெஞ்சில். பினாங்கு மாமாவுக்கு அவரிடமிருந்து தனிச் செய்தி வந்தது. இதுவரை அவர் குழுவில்தான் பேசியிருக்கிறார், தனியாக எழுதியதில்லை.

"மாமா, ஒரு உதவி."

"சொல்லுங்க அறவாழி" என்று போட்டேன். இரண்டு தடவை அழித்து எழுதினேன்.

"அந்த டிரைவ் தைக்கு வருமா?"

"கண்டிப்பா வரும்."

பிறகு துண்டு துண்டாக வந்தது. ஒரு கையில் ஊசி, மற்றக் கையால்தான் தட்ட வேண்டும்.

"தை வரைக்கும் என்னால முடியாது மாமா."

"நான் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

"ரொம்ப வலிக்குது."

"என் வீட்டுக்காரிகிட்ட இதச் சொல்ல முடியல. அவ மூஞ்சியப் பாத்தா வாய் வர மாட்டேங்குது. நீங்க சொல்லுங்க அவகிட்ட. நீங்க சொன்னா கேப்பா."

வார்டின் கதவில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. எழுந்து போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருப்பார். போகவில்லை. போகமுடியவில்லை. என் எதிரே ஒரு கிழவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. எழுபது எண்பது வயது இருக்கும், நன்றாகத்தான் இருக்கிறார்.

இன்னும் ஒரு மாதம் என்று எழுதினேன், அழித்தேன். மார்கழி என்று எழுதினேன், அழித்தேன். படம் ஒன்று கசிந்திருக்கிறது, நாளை அனுப்புகிறேன் என்று எழுதினேன். அது நல்ல பொய். அனுப்பியிருந்தால் செவ்வாய்க்கிழமை எழுந்திருப்பார். எனக்குத் தெரியும். துண்டைக் கடித்துக்கொண்டாவது இன்னும் பத்துத் தடவை வந்திருப்பார்.

அதையும் அழித்தேன்.

"வெல்டார் கைவிட்டுட்டாங்க. அந்த டிரைவ் வராது. நீங்க காத்திருக்க வேண்டாம்."

அவர் படித்துவிட்டார் என்பதற்கான குறி உடனே வந்தது.

"நன்றி மாமா. உங்களுக்கும் எவ்வளவு அலைச்சல்."

நாலு மணி நேரம் முடியுமுன்பே அவரைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தார்கள். அவரே கேட்டுக்கொண்டாராம். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சிமுத்து முன்னால் இருக்கிறான், கூச்சப்படுகிற மனிதர், இருந்தும் பிடித்துக்கொண்டார். "ரத்து பண்ணிட்டானாம்ட்டி" என்றார்.

"தெரியும்" என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

குழுவில் அறிவித்துவிட்டார். பினாங்கு மாமாவை வண்டை வண்டையாகத் திட்டுகிறார்கள். பழைய டிரைவ் வாங்காமல் காத்திருந்தவர்கள், நண்பர்களைக் காத்திருக்கச் சொன்னவர்கள் எல்லாரும். நியாயம்தான். இவர் ஒரே ஒரு வரி எழுதினார்: "மாமாவை இனி ஒரு வார்த்தை சொல்பவர் இந்தக் குழுவில் இருக்க மாட்டார்." சேலம் பிரின்ஸ் கேட்கவில்லை. அவனை நீக்கிவிட்டார்.

நவம்பர் 4, செவ்வாய்

பேச்சிமுத்து ஏழு மணிக்கு வந்து ஹாரன் அடித்தான். நான் வாசலுக்குப் போய், இனி வர வேண்டாம் என்று சொன்னேன். "இன்னைக்கா அக்கா?" என்றான். இனிமேலே என்றேன். அவன் ஆட்டோவைத் திருப்பாமல் தெருமுனைவரை பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனான்.

டாக்டருக்கும் போன் செய்தேன். அவர் மறுக்கவில்லை. வலிக்கு மருந்து எழுதி மெர்சியிடம் கொடுத்து அனுப்பினார். மெர்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

தெளிவாக இருந்தார். கூட்டுக்கறியில் உப்பு போட்டுக் கொடுத்தேன், சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்.

"ஏட்டி, எஸ்எஸ்டி சுத்தாது" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்பவே தெரியுமா?"

"நீ பரண்ல ஏறும்போதே தெரியும். ஸ்டூலு என்னா சத்தம் போட்டுது."

"பொறவு ஏன் போனிய? அந்தப் பாடு பட்டுக்கிட்டு எதுக்குப் போனிய?"

"நீ அவ்வளவு மெனக்கெட்டு எழுதுத. படிக்க ஒரு ஆளு வேண்டாமா?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். ஜூலையிலிருந்து அவரை நான்தான் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்காகத் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். இந்த நாலு மாதம் அவருக்கு இல்லை, எனக்கு. இதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது? அடுப்படியில் ஒரு வேலையும் இல்லை. கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மத்தியானம். தூக்கமும் விழிப்புமாக இருக்கிறார். முகம் வீங்கிவிட்டது. மூச்சு வாங்குகிறது, ஆனால் மருந்தில் நோவு தெரியவில்லை என்கிறாள் மெர்சி.

கண்ணைத் திறந்து, "ஒண்ணு சொல்லு" என்றார்.

"என்ன சொல்லதுக்கு?"

"பினாங்குல என்ன விசேஷம்?"

வாயைத் திறந்தேன். வாரம் ஒன்று விட்டவள். ஊரும் எண்ணும் குறையும் சேர்த்து, ஒரு கூட்டத்தையே நம்ப வைத்தவள். ஒரு டெராபைட் கூட வரவில்லை.

"ஒண்ணும் இல்லங்க" என்றேன்.

"சரி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் போய்விட்டார்.

நவம்பர் 26, புதன்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஸ்கூலுக்குத் திங்கள் முதல் போக வேண்டும். அவர் கட்டிலை என்ன செய்வது என்று தெரியவில்லை. மெத்தையை மட்டும் வெயிலில் போட்டேன்.

அவருடைய குழுவில் இரங்கல் எழுதியிருக்கிறார்கள். பிறகு இரண்டு நாள் அமைதி. பிறகு மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள், தரம் போட ஆளில்லாமல் கண்டபடி. வெல்டார் அந்த டிரைவைக் கைவிடவே இல்லையாம், ரகசியமாகச் செய்துகொண்டிருக்கிறதாம். யாரோ படம்கூடப் போட்டிருக்கிறார்கள்.

இன்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று வந்தது. பினாங்கில் அந்தச் சோதனை செய்த பெண்ணுக்குத் தூத்துக்குடிதான் சொந்த ஊராம். ஒரே ஒரு டிரைவை மட்டும் கைப்பையில் வைத்து எடுத்து வந்துவிட்டாளாம். இப்போது இங்கேதான், பக்கத்தில் வண்ணார்பேட்டையில், தங்கை வீட்டில் இருக்கிறாளாம். மூடி மட்டும் கொஞ்சம் கீறியிருக்கிறதாம்.

நல்ல வதந்தி. இதுவரை நான் சொன்னதிலெல்லாம் இதுதான் நன்றாக இருக்கிறது. கத்தியை வைத்துவிட்டு முன்னறையில் அவர் கட்டில்வரை போனேன், சொல்வதற்கு.

அவர் நம்பியிருக்க மாட்டார். எப்போ வந்தாளாம் என்று மட்டும் கேட்டிருப்பார்.